ஒலியைப் பகுத்துணர்ந்த பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

இசையைக் கேட்டு இன்புறாதார் உலகில் அரியர். ஆயினும், தாம் கேட்கும் ஒரு நாதத்துள் எத்தனை நாதங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்தறிந்தவர் மிகச் சிலரே. இக்காலத்தில் நம் மாணவர் பலர் விடுதி அறையிலும் வீட்டிலும் ஒரு மைக்கையும் ஒரு கணிப்பொறியையும் கொண்டு தம் பாட்டையும் வாத்திய இசையையும் பதிவு செய்கின்றனர். பதிந்த ஒலியைத் திருத்துதற்கு ஈக்வலைஸர் என்னும் சாதனமும் அவர்கட்கு எளிதிற் கிடைக்கின்றது. அதன் குமிழ்களை மனம்போனவாறு திருப்பி, நல்ல குரலையும் தகர ஓசையாக்கி வருந்துவோரும் உளர். குற்றம் கருவியினுடையதன்று, ஒலியின் இயல்பை அறியாமையே காரணமாம். அவ்வியல்பை ஐயமற நிலைநாட்டியவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர். அவருடைய சரித்திரத்தையும், அவர் கண்ட உண்மை இன்று நமக்குப் பயன்படுமாற்றையும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இளமையும் கல்வியும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31-ஆம் தேதி, பெர்லினுக்கு அணித்தாகிய போட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். கல்வியிற் செல்வர், பொருளிற் செல்வரல்லர். மகனார் குழந்தைப் பருவத்தில் நோயாளியாகவே வளர்ந்தார். தொடர்பில்லாத சொற்களை மனப்பாடஞ் செய்தல் அவருக்கு மிகக் கடினமாயிருந்தது. ஆனால், ஒரு காரியத்தின் காரணத்தை விளக்கிவிட்டால் அதனை அவர் மறப்பதேயில்லை. வகுப்பிலே இலத்தீன் நூல் நடக்கும்போது, இவர் மேசையின் கீழே தொலைநோக்கியிற் புகும் ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பாராம்.

பௌதிக நூலையே கற்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்காலத்தில் அக்கல்வி சோறு போடும் கல்வியாக இருக்கவில்லை. குடும்பத்திலோ பிள்ளைகள் பலர். அரசாங்கத்தார் பெர்லினில் நடத்திய மருத்துவப் பள்ளி ஒன்றிற் சம்பளமின்றிப் படிக்கலாம். படித்து முடித்தபின் 8 ஆண்டுகள் பட்டாளத்து வைத்தியராக ஊழியஞ் செய்தல் வேண்டும். இந்த நிபந்தனைக்கு உட்பட்டு 1838-இல் அவர் அப்பள்ளியிற் சேர்ந்தார். விரும்பிய வகுப்பு ஒன்றும் கிடைத்த வகுப்பு வேறொன்றுமாக நம் கல்லூரிக்கு வரும் மாணவர் ஆண்டுதோறும் உளராதலின், அவர் இந்நிலையில் என் செய்தார் என்பதை நாம் சிறிது கவனித்தல் தகும்.

அவர் தம் விதியை நொந்துகொண்டு வாளாவிருந்தாரல்லர். பியானோ வாத்தியத்தைத் தம்முடன் பெர்லினுக்குக் கொண்டு சென்று, நாடோறும் மோட்ஸார்ட், பேத்தோவன் ஆகியோரின் இசையைப் பயின்றுவந்தார். ஓய்வு நேரத்திற் கணித நூல்களைத் தாமே கற்றார். ஒரு முறை விஷக்காய்ச்சல் கண்டு மருத்துவமனையிற் பல நாள் கிடக்க நேர்ந்தது. மாணவர்க்கு அங்கே சிகிச்சை இலவசமாதலின் அவருடைய சிறு வருவாயிற் கொஞ்சம் மிச்சமாயிற்று. குணமடைந்து எழுந்தவர் அப்பணத்தைக் கொண்டு ஒரு நுண்பெருக்காடி வாங்கினார். அதன் துணையால் நரம்புகளின் அமைப்பை ஆராய்ந்து 1842-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டாளத்தில் ஓர் ஆராய்ச்சியாளர்

1843-இல் அவர் போட்ஸ்டாம் பட்டாளத்தில் வைத்தியராக அமர்ந்தார். அங்கேயே ஒரு சிறிய ஆராய்ச்சிச்சாலையையும் அமைத்துக்கொண்டார். தசை சுருங்கும்போது வெப்பம் பிறப்பதை அளந்து வந்தவர், உலகிலுள்ள சக்தி ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவிற்கு மாறுவதன்றி அழிவதுமில்லை, புதிதாக உண்டாவதுமில்லை என்னும் பேருண்மையைக் கணித முறையால் விளக்கினார். 1847-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் தேதி பெர்லின் பௌதிக சங்கத்திற் படித்த அக்கட்டுரையை, பேர்பெற்ற பத்திரிகை ஒன்று ஏற்க மறுத்தது. அவர் அதனைத் தனி நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25.

1848-இல், ஊழியக்காலம் முடியுமுன்னரே, பட்டாளத்தார் அவரை விடுவித்தனர். மறு ஆண்டு கோனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் உடலியற் பேராசிரியரானார். நரம்பின் வழியே செல்லும் உணர்ச்சியின் வேகம் அளக்கவொண்ணாதது என்று ஆசிரியன்மார் கருதியிருந்தனர். அவர் 1850-இல் தவளையின் நரம்பில் அதனை அளந்து, வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டரே என்று காட்டினார். உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணுதற்குரிய கருவியையும் அக்காலத்திற்றானே அமைத்து, 1851-இல் உலகிற்கு அறிவித்தார். இன்று கண் வைத்தியரிடம் செல்வார் யாவரும் அதன் பயனை அடைகின்றனர்.

நாதத்துள் நாதம்

1855-இல் அவர் பான் நகரத்திற்கும், 1858-இல் ஹைடல்பெர்க் நகரத்திற்கும் பேராசிரியராகச் சென்றார். இக்காலத்தில் அவருடைய சிந்தை ஒலியின்பாற் சென்றது. ஒரே சுருதியில் ஒரு புல்லாங்குழலும் ஒரு பிடிலும் ஒலித்தால், சுருதி ஒன்றாயினும் இது குழல், இது பிடில் என்று குழந்தையும் அறிகின்றது. இவ்வேற்றுமை எதனால் உண்டாகின்றது?

எத்தகைய சிக்கலான அலையையும் பல எளிய அலைகளின் கூட்டமாகப் பிரிக்கலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். நம் செவியும் அவ்வாறே ஒலியைப் பிரித்துணர்கின்றது என்று ஓம் என்பவர் 1843-இற் கூறினார். ஆயினும், இஃது ஏட்டுக் கணக்கே, செவி இதனைச் செய்வதில்லை என்று வாதித்தோரும் உளர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாதத்தை விடுத்துச் சோதனையிற் புகுந்தார்.

அவர் கையாண்ட சாதனம் மிக எளியது. கழுத்துச் சிறுத்த புட்டியின் வாயில் ஊதினால் ஒரு குறித்த சுருதி எழுவதை நாம் அறிவோம். புட்டியில் நீரை ஊற்ற ஊற்ற உள்ளிருக்கும் காற்றின் அளவு குறைந்து சுருதி உயர்கின்றது. காற்று நாலில் ஒரு பங்காகக் குறைந்தாற் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்புட்டி தனக்குரிய சுருதி வெளியே ஒலிக்கும்போது தானும் உடனொலிக்கும். மற்றச் சுருதிகளுக்கு அசைவதில்லை. இதுவே அநுநாதம் எனப்படும். அவர் கண்ணாடியாலும் பித்தளையாலும் பல அளவிற் கோளங்களைச் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு துவாரங்கள். ஒன்று ஒலி புகுதற்கு, மற்றொன்று காதிற் செருகுதற்கு. காதிற் செருகும் முனையை அரக்கால் மூடிக் காதின் வடிவிற்கேற்ப அமைத்துக்கொண்டார். மற்றைக் காதை அடைத்துவிட்டு ஒரு கோளத்தைச் செருகிக்கொண்டால், சூழவுள்ள ஒலிகள் யாவும் மங்கி, அக்கோளத்திற்குரிய நாதம் எங்கே ஒளிந்திருப்பினும் அது மட்டும் காதில் முழங்கும்.

இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கோளங்களை மாற்றிக் கேட்டு, வினாடிக்கு 100 முறை அதிரும் ஒரு தந்தியின் ஒலியில் 200, 300, 400 என்று மேற்சுரங்கள் வரிசையாக உடன் ஒலிப்பதைச் செவிக்கு மெய்ப்பித்தார். மெல்ல ஊதிய புல்லாங்குழலில் இம்மேற்சுரங்கள் மிகக் குறைவு. பிடிலில் மிகப் பல. கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களில் ஒற்றைப்படைச் சுரங்களே ஓங்கி நிற்பன. ஆகவே, வாத்தியத்திற்கு வாத்தியம் நாதத்தின் பண்பு வேறுபடுதற்குக் காரணம், அதனுட் கலந்துள்ள பகுதி நாதங்களின் தொகையும் வலிமையுமே என்பது தெளிவாயிற்று.

பிரித்துக் காட்டியதோடு அவர் அமையவில்லை, கூட்டியும் காட்டினார். மின்சாரத்தால் இடைவிடாது அதிரும் இசைக்கவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் அநுநாதக் குழலை அமைத்தார். குழலின் வாயை மூடியால் அடைத்தால் அதன் சுரம் அடங்கும்; திறந்தால் ஓங்கும். இம்மூடிகளைத் தக்கவாறு திறந்தும் மூடியும், மனிதர் வாயிற் பிறக்கும் உயிரெழுத்தோசைகளைப் போன்ற ஒலிகளை உண்டாக்கினார். பவேரிய அரசர் இரண்டாம் மாக்ஸிமிலியன் இச்சாதனத்திற்குப் பொருளுதவி செய்தார். பகுதி நாதங்களைத் தனித்தனியே ஏற்றியும் இறக்கியும் ஒலியின் பண்பை மாற்றுதலே இன்றைய ஈக்வலைஸரின் தொழிலாதலால், அதன் கருத்து அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

இவ்வாராய்ச்சி நடந்த காலம் அவருக்கு இன்பக் காலமன்று. 1859-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மனைவியார் ஓல்கா நெடுநாள் நோயுற்று இறந்தார். இரு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு சில மாதங்கள் ஒன்றுஞ் செய்யவியலாது தளர்ந்திருந்தார். 1861-இல் அன்னா என்னும் அம்மையாரை மணந்தார். இத்தனைக்கும் இடையே எழுதிய ஒலியுணர்ச்சியைப் பற்றிய பெருநூல் 1863-இல் வெளிவந்தது. அதனை அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1875-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

விதை முளைத்தது

இந்த எல்லிஸ் வாயிலாக ஹெல்ம்ஹோல்ட்ஸின் சோதனையைக் கேள்வியுற்றவருள் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒருவர். ஜெர்மன் மொழி அறியாத அவர், உயிரோசைகளைக் கம்பியின் வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிழையாகக் கருதிக்கொண்டார். அப்பிழையே அவரைத் தூண்ட, 1876-இற் டெலிபோன் பிறந்தது.

டெலிபோன் கம்பி நெடுந்தூரம் செல்லச் செல்ல, உயர்ந்த அதிர்வுகள் தாழ்ந்தவற்றினும் மிகுதியாக மெலிந்தன. மெலிந்ததைத் தூக்கி எல்லாவற்றையும் சமமாக்குதற்குச் செய்த அமைப்பே ஈக்வலைஸர், அதாவது சமனாக்கி, என்னும் பெயர் பெற்றது. குறித்த அதிர்வுகளை மட்டும் செல்லவிட்டு மற்றவற்றைத் தடுக்கும் மின் வடிகட்டியை அமெரிக்காவிற் காம்ப்பெல் என்பவரும் ஜெர்மனியில் வாக்னர் என்பவரும் ஒருவரையொருவர் சாராது 1915-இல் அமைத்தனர். பித்தளைக் கோளத்திற் காற்று செய்த வேலையைச் சுருளும் மின்தேக்கியும் செய்யலாயின. இன்று கணிப்பொறியில் எண்கணக்கே அதனைச் செய்கின்றது.

ஈக்வலைஸர் வகைகள்

நம் மாணவர் கையாளும் வகைகளை இனிக் கூறுவோம். ஹை-பாஸ் வடிகட்டி என்பது ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்டவற்றைத் தடுத்து மேற்பட்டவற்றை விடுவது. குரலைப் பதிவு செய்யும்போது 80 ஹெர்ட்ஸ் அளவில் இதனை வைத்தால், மின்விசிறியின் அதிர்ச்சியும் தெருவில் வண்டிகள் செல்லும் உறுமலும் பெரிதும் நீங்கும். குரலுக்கு ஊறு நேராது. மிருதங்கத்தின் தொப்பிக்கு அதே எல்லையை வைத்தால் அதன் கும்கி போய்விடும். லோ-பாஸ் வடிகட்டி இதற்கு மறுதலை. மேலுள்ள இரைச்சலைத் தடுப்பது. இவற்றின் சரிவை ஒரு ஸ்தாயிக்கு 6, 12 அல்லது 24 டெசிபெல் என்று அளந்து கூறுவர். நாட்ச் வடிகட்டி ஒரு மிகக் குறுகிய இடத்தை மட்டும் வெட்டியெடுப்பது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியுடையதாதலால், அதன் இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களிற் புகும்; அதனை ஒழிக்க இவ்வடிகட்டி உதவும். ஷெல்ப் என்பது ஓர் எல்லைக்கு மேலோ கீழோ உள்ள அனைத்தையும் ஒரு படி உயர்த்துவது அல்லது தாழ்த்துவது.

கிராபிக் ஈக்வலைஸரில் இடங்கள் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஸ்தாயிக்கு ஒன்றாக 10 தண்டுகளோ, மூன்றிலொரு ஸ்தாயிக்கு ஒன்றாக 31 தண்டுகளோ இருப்பது வழக்கம். பாராமெட்ரிக் ஈக்வலைஸரில் எந்த இடம், எவ்வளவு ஏற்ற இறக்கம், எவ்வளவு அகலம் என்னும் மூன்றையும் நாமே வகுக்கலாம். ஜார்ஜ் மாஸன்பர்க் என்பவர் 1972-இல் இதனைப் பொறியாளர் சபையில் விளக்கினார். அகலத்தைக் க்யூ என்னும் எண்ணாற் குறிப்பர். எண் பெருகப் பெருக இடம் குறுகும். மிகக் குறுகிய இடத்தைத் தேர்ந்து ஏற்றினால், ஒலி நின்றபின்னும் அவ்விடம் மணிபோற் சிறிது நேரம் ரீங்காரஞ் செய்யும். கூர்மையாகத் தேர்வது எதுவோ அது மெல்லவே அடங்கும் என்னும் இவ்விதியையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிந்து எழுதியிருக்கின்றார்.

பதிவிற் குற்றம் கண்டால் யாது செய்வது? பாராமெட்ரிக் ஈக்வலைஸரில் ஒரு குறுகிய இடத்தைச் சற்று உயர்த்தி, அதனைக் கீழிருந்து மேல்வரை மெல்ல நகர்த்திக் கேட்கவேண்டும். குற்றமுள்ள இடம் வந்ததும் அது காதில் முழங்கும். அவ்விடத்தை 3 அல்லது 4 டெசிபெல் தாழ்த்தினாற் பெரும்பாலும் போதும். அறையின் மந்தமான ஓசை 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலும், ஸகர ஷகரங்களின் சீறல் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலும் பெரும்பாலும் காணப்படும். இம்முறை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் கோளங்களை ஒவ்வொன்றாகக் காதிற் செருகிக் கேட்ட முறையே அன்றி வேறன்று. முதலிற் கேட்டல், பின்னர்ப் பகுத்தறிதல், அதன்பின்னரே கூட்டலும் குறைத்தலும் என்னும் ஒழுங்கை மாற்றுவோர் கருவியைக் குறை கூறுதற்கு உரிமையிலர்.

மற்றோர் உண்மையும் இதிலிருந்து பெறப்படும். ஒலியில் இல்லாத பகுதி நாதத்தை ஈக்வலைஸர் படைக்கமாட்டாது. இருப்பதை ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவே. ஆதலால், மைக்கை நல்ல இடத்தில் வைத்து, அறையின் எதிரொலியைத் துணியாலும் மெத்தையாலும் அடக்கி, நன்றாகப் பாடிப் பதிவதே முதற்கடன். மந்தமான தாழ்சுரங்களைத் துணி அடக்காது. அதற்கு ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்களில் துவாரமிட்ட பெட்டிகளை அமைப்பர். அப்பெட்டிகளுக்கு இன்றும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரே வழங்குகின்றது.

நம் நாட்டுத் தொடர்பு

திருச்சிராப்பள்ளிக்கு அருகிற் பிறந்து சென்னை ராஜதானிக் கல்லூரியிற் பயின்ற ஸர் சி. வி. ராமன் அவர்கள், தம் இளமையிற் சிந்தையைக் கவர்ந்த மூன்று நூல்களுள் ஒன்றாக ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலி நூலைக் குறிப்பிட்டிருக்கின்றார். தோற்கருவிகளில் இசைக்கு ஒத்த மேற்சுரங்கள் எழா என்பது மேனாட்டார் கண்ட பொதுவிதி. நம் மிருதங்கமோ வலந்தலையிற் சாதம் இட்டமையால் அவ்விதியைக் கடந்து, தந்திபோல முறையான மேற்சுரங்களை எழுப்புகின்றது என்று ராமன் 1920-இல் ஒரு துணையாளருடன் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் வீணை, தம்பூர் ஆகியவற்றின் மேற்சுரச் செழுமையை ஆராய்ந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் வழியே சென்று, அவர் காணாததை நம் நாட்டார் ஒருவர் கண்டது நமக்குப் பெருமையாகும்.

இறுதிக் காலம்

1871-இல் பெர்லின் சர்வகலாசாலையார் ஹெல்ம்ஹோல்ட்ஸைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தனர். இளமையிற் படிக்க வசதியில்லாத அந்நூலுக்கு 50-ஆம் வயதில் தலைமையாசிரியரானார். ஆனால், இடையிற் கற்ற மருத்துவம் வீணாயிற்றா? செவியின் அமைப்பை அறிந்த வைத்தியரும், அலையின் கணக்கை அறிந்த பௌதிகரும், பியானோவை வாசிக்கும் ரஸிகரும் ஒருவராகவே இருந்தமையாலன்றோ அப்பெருநூல் எழுந்தது.

அவர் கூறிய அனைத்தும் அப்படியே நிலைபெறவில்லை. செவியினுள்ளே நத்தை ஓடுபோன்ற உறுப்பிலுள்ள நார்கள் யாழின் தந்திகள்போலத் தனித்தனியே அநுநாதஞ் செய்கின்றன என்று அவர் கருதினார். அங்கே ஓர் அலை ஓடிச்சென்று, சுருதிக்கேற்ற இடத்தில் உச்சம் அடைகின்றது என்று பெக்கேஷி என்பவர் கண்டு 1961-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும், சுருதிக்குச் சுருதி செவியில் இடம் வேறு என்னும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் மூலக்கருத்து அழியவில்லை.

அவருடைய மாணவருள் தலைசிறந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஆசிரியர் தூண்டிய ஆராய்ச்சியிற் புகுந்து, மின் அலைகளை 1886 முதல் 1888 வரை செய்த சோதனைகளால் மெய்ப்பித்தவர். அவர் 1894-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி 36 வயதிலேயே காலஞ்சென்றார். முதியவராகிய ஆசிரியரே தம் மாணவரின் இறுதி நூலுக்கு முகவுரை எழுத நேர்ந்தது. அலைகளை அளக்கும் அளவைக்கு அம்மாணவரின் பெயர் 1960-இற் சர்வதேச முறையில் நிலைபெற்றது. நம் ஈக்வலைஸரிற் காணும் எண்களுக்குப் பக்கத்தில் நிற்பது அப்பெயரே.

1893-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்து மின்சார மகாநாட்டிற்குச் சென்று திரும்புகையிற் கப்பலின் படிக்கட்டில் விழுந்து காயமுற்றார். அதன்பின் அவர் உடல் முன்போலத் தேறவில்லை. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ஆம் தேதி, 73-ஆம் வயதில் இவ்வுலகை நீத்தார்.

முடிவுரை

இறைவன் நமக்கு அளித்த செவி எத்துணை நுண்ணிய கருவி என்பதை இப்பெரியார் நமக்கு உணர்த்தினார். அதனைப் பழக்குதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு தம்பூரின் தந்தியை மீட்டிவிட்டு அமைதியாயிருந்து, அதனுள் எழும் மேற்சுரங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கும் மாணவன், விலையுயர்ந்த சாதனங்களை வாங்குதற்கு முன்னரே அவற்றை ஆளும் தகுதியைப் பெறுகின்றான். விரும்பியது கிடையாதபோது கிடைத்ததைக் கசடறக் கற்று, விரும்பியதையும் கைவிடாதிருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாழ்வு, இக்கல்லூரியிற் பயிலும் நமக்கெல்லாம் ஊக்கம் அளிப்பதாகுக.